ஜூனில் மண்வெட்டியை அனுப்பாதீர்கள்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் புறநகரிலும் உள்ள குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

அக்னி நட்சத்திரம் முடிந்து ஜூன் பிறந்ததும் வளாகத்துக் காய்கறித் தோட்டத்தைப் பற்றி உங்களுக்கு வரும் புகார் எங்கும் ஒன்றுதான்: "எல்லாம் காய்ந்து கிடக்குது, பார்க்கவே சகிக்கல, ஆள் விட்டுச் சுத்தம் பண்ணுங்க." அடுத்த வாரம் இரண்டு பேர் மண்வெட்டியோடு வருகிறார்கள். மதியத்துக்குள் தோட்டம் தரைமட்டம். பொதுத் தோட்டங்களில் தன்னார்வலர்களாக வேலை செய்யும் நாங்கள் கேட்பது இதுதான்: ஆடி பிறக்கும்வரை எங்களைக் கேட்காமல் ஒரு செடியையும் பிடுங்காதீர்கள். அந்த ஆறு வாரமும் தண்ணீருக்கும் மோட்டார் அறைச் சாவிக்கும் மட்டும் வழி செய்யுங்கள்.

காய்ந்ததெல்லாம் செத்ததல்ல. பந்தலில் பழுப்பேறித் தொங்கும் பீர்க்கங்காயைப் பறித்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் விதை தயார். நுனியை உடைத்துக் கவிழ்த்தால் கறுப்பு விதைகள் கொட்டும். மிச்சக் கூடு குளிக்கிற நார். வெண்டையும் அப்படித்தான், காய் செடியிலேயே முற்றி, விளிம்பில் வெடிப்பு விடும்போதுதான் விதைக்கு எடுக்க வேண்டும். விதைக்கு விட்ட கத்தரிக்காய் மஞ்சளாகிச் சுருங்கும்வரை செடியில் இருக்கட்டும். இவற்றை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து கண்ணாடிப் புட்டியில் அடைத்தால் ஆடிப் பட்டத்துக்கு விதை கடையில் வாங்க வேண்டியதில்லை. ஜூனில் வரும் மண்வெட்டி முதலில் அழிப்பது இந்த விதையைத்தான்.

கத்தரியை வேரோடு பிடுங்குவது இன்னொரு நஷ்டம். தரையிலிருந்து அரை அடி விட்டுத் தண்டை வெட்டி, கைப்பிடி மண்புழு உரம் போட்டுத் தண்ணீர் காட்டினால் மறுதாம்பு துளிர்த்து மீண்டும் காய்க்கும். முருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்ட வேண்டும்; பெரியகுளம் ரகமான பி.கே.எம்.1 வைத்திருப்பவர்கள் இதை அறிவார்கள். தக்காளி, மிளகாயில் பூ உதிர்கிறது என்று உரம் கொட்டுவதில் பயனில்லை. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, பூ பிஞ்சாவதில்லை. வெயில் தணிந்ததும் தானாகப் பிடிக்கும்.

உடனே பிடுங்க வேண்டிய செடியும் உண்டு. வெண்டையோ தக்காளியோ வாடியிருந்து, வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நூற்புழு. அந்த வேரை மக்குக் குழியில் போடக்கூடாது. போட்டால் தோட்டம் முழுக்கப் பரவும். பாத்தியை நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டி, ஓரங்களை மண்ணால் மூடி நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விட வேண்டும். கறுப்புத் தாள் போட்டால் மண் அந்த அளவு சூடேறாது. பிறகு நூற்புழுவை அடக்கும் துலுக்கச் சாமந்தியை அங்கே வையுங்கள்.

இனி தண்ணீர். செயற்குழுவில் இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வருகிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்பவர் குறைவு. கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளைக்கு ஐந்தாறு லிட்டர் தேவை. மூன்றடிக்குப் பத்தடிப் பாத்தி ஒன்றுக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் இருபது பாத்திக்கு 300 லிட்டர். ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் இருபது பாத்திகளை நாற்பது நாள் காப்பாற்றும். சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்ட 2019 போன்ற ஆண்டில் அதையும் கேட்க மாட்டோம். மற்ற ஆண்டுகளில் கார் கழுவப் போகும் தண்ணீரை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் வீணாகத்தானே போகிறது, அதை ஊற்றுங்கள்" என்பது நல்லெண்ணத்தில் சொல்லப்படும் யோசனை. தனியாக ஊற்றினால் அது மண்ணைக் கெடுக்கும். சுத்திகரிப்புக் கருவிக்குள் போகும் தண்ணீரைவிடக் கழிவாக வெளியே வருவதில் உப்பு அதிகம். கோடை முற்ற முற்ற போர் தண்ணீரிலேயே உப்பு ஏறுகிறது. முதலில் இலை விளிம்பு கருகும், பிறகு மண்மேல் வெள்ளைப் பூச்சு படியும். பீன்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் விழும், கொத்தவரை தாங்கும். நல்ல தண்ணீரோடு கலந்து, உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வைத்து அளந்து பயன்படுத்தினால் ஆட்சேபணை இல்லை. எஸ்.டி.பி. எனப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரை மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் விடுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

தண்ணீர்ச் செலவைக் குறைக்கும் பொருள் உங்கள் வளாகத்திலேயே தினமும் எரிகிறது. கூட்டிய சருகுக்குத் தீ வைப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே அதைத் தடை செய்துவிட்டன. அந்தச் சருகை இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பாத்தியில் பரப்பினால் மண் ஈரம் தங்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றினாலும் வளர்ந்த செடி பிழைத்துக்கொள்ளும். தண்டை ஒட்டிப் போடக்கூடாது, இரண்டு அங்குலம் தள்ளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுகும், கரையானும் ஏறும். மிச்சச் சருகு மக்குக் குவியலுக்கு. மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை சமையலறைக் கழிவு. கோடையில் குவியல் நாறுவதைவிடக் காய்ந்து நின்றுவிடுவதுதான் வழக்கம். எறும்பு புற்று வைத்திருந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள்.

கொசுப் புகார் நியாயமானது. திறந்த டிரம்மிலும் தொட்டித் தட்டிலும் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். டிரம்முக்கு மூடியும் வலையும் போட்டு, வாரம் ஒருமுறை தேய்த்துக் கவிழ்ப்பது எங்கள் பொறுப்பு. ஆனால் அதைக் காரணம் காட்டி, பூச்சிக்கொல்லி ஒப்பந்தக்காரரைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவைப் பக்கம் தலைகாட்டிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் பாழாக்கியது. மருந்து பலிக்கவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத அந்தக் குளவி கண்டபடி அடிக்கும் மருந்தில் சாகும், மாவுப்பூச்சியோ மெழுகுப் பூச்சுக்குள் தப்பிவிடும். எங்களுக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும், அது கரையக் கொஞ்சம் சோப்பும் போதும். அதையும் மாலை ஐந்துக்குப் பிறகுதான் அடிக்க வேண்டும், உச்சிவெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

ஆள் விஷயத்துக்கு வருவோம். ஞாயிறு பத்து மணிக்கு "தோட்டப் பணி, அனைவரும் வாரீர்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் முதல் வாரம் முப்பது பேர் வருவார்கள், மூன்றாம் வாரம் மூன்று பேர். அந்த நேரத்தில் செடிக்கும் வேலை செய்ய முடியாது, மனிதருக்கும் முடியாது. காலை ஆறிலிருந்து ஏழரை, மாலை ஐந்தரைக்குப் பிறகு, அவ்வளவுதான். பிரச்சினை மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. பள்ளி விடுமுறைக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், தண்ணீர் ஊற்றும் முறை சத்தமில்லாமல் காவலாளி தலையிலோ துப்புரவு அக்கா தலையிலோ விழும். அது தன்னார்வம் ஆகாது. அவர்கள் செய்தால் கூலி கொடுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் கடைசியிலேயே நாளுக்கு இரண்டு வீடு வீதம் பட்டியல் போட அனுமதியுங்கள். ஒருவர் ஊரில் இல்லையென்றால் மற்றவர் ஊற்றுவார். சாவி சங்க அலுவலகத்தில் இருந்தால் பயனில்லை, அது திறப்பதே பத்து மணிக்கு. வாசல் காவலாளியிடம் ஒரு சாவி இருக்கட்டும். வெயிலில் கிடந்த ஹோஸ் குழாயில் முதலில் வருவது வெந்நீர், அதை வாளியில் பிடித்து ஆறவிட வேண்டும் என்பதைக்கூடப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அதற்காவது முதல் வாரம் பழையவர் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

கடைசியாக, ஜூன் 5 மரக்கன்று விழா. சுற்றுச்சூழல் தினத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, கன்றைத்தான் வேண்டாம் என்கிறோம். சென்னைக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஜூனில் மாலை இடிமழை ஒன்றிரண்டை நம்பி நட்ட கன்று ஜூலைக்குள் குச்சியாகிறது. நடுவதை அக்டோபருக்குத் தள்ளிவையுங்கள். ஜூன் 5 அன்று குழந்தைகள் கையில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டின் விதையைக் கொடுத்து, காலியான பாத்திகளில் சதுர மீட்டருக்கு ஐந்து கிராம் வீதம் தூவச் சொல்லலாம். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூ வரும் சமயம் வெட்டி மண்ணிலேயே மடக்கினால், ஆடிப்பெருக்குக்குள் மக்கி, பாத்தி விதைப்புக்குத் தயாராகிவிடும். அதே நேரத்தில் நிழல்வலைக்குக் கீழே கத்தரி, தக்காளி நாற்று ஜூலை முதல் வாரத்தில் விட வேண்டும். மிளகாய்க்கு நாற்பது நாளாவது தேவை என்பதால் அதை ஜூன் இறுதியிலேயே விட்டாக வேண்டும். இருபது பாத்திக்குத் தக்கைப்பூண்டு விதை சுமார் முந்நூறு கிராமும், நிழல்வலை ஐந்து மீட்டரும் வேண்டும். மே மாதச் செயற்குழுக் கூட்டத்தில் இந்த இரண்டுக்கும் ஒப்புதல் தாருங்கள்.

இப்படிக்கு,
பொதுத் தோட்டத் தன்னார்வலர்கள்