யார் எழுதிய வசனம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் இலங்கைக் கட்டுரையில் ஒரு வரி: "அன்று சுட்டுக்கொண்டவர்கள் இன்று கட்டிப்பிடிப்பது முதுமையின் நாடகம்." நல்ல தமிழ். எழுதியவர் துப்பாக்கிச் சத்தத்தைப் பக்கத்தில் கேட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

1987-இல் இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவன் நான். தமிழ் தெரிந்தவன் என்று, வீடு வீடாகச் சோதனை போடும்போது என்னைத்தான் முன்னால் விடுவார்கள். "நீங்களும் தமிழ் ஆக்கள்தானே தம்பி" என்று கேட்ட அம்மாவிடம் நான் சொன்னது, "அலமாரியைத் திறங்க." ஒரே தட்டில் சாப்பிட்ட மலையாளி நண்பன் கண்ணிவெடியில் போனான். அவன் சாமான்களை டிரங்குப் பெட்டியில் அடுக்கியது நான்தான். ஷேவிங் பிரஷ் அப்போதும் ஈரமாக இருந்தது.

ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பினால், அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்க வரவில்லை. தங்களுக்குத் தெரியாததா? செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து இலங்கை அரசு 2008-இல் நினைவிடம் திறந்தது. டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் வர 2019 ஆனது. அதற்கெல்லாம் நாடகம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், அந்தக் காலத்தில் எங்களோடு சண்டை போட்ட புலிகள் இயக்கத்தில் இருந்த ஒருவரைப் பார்த்தேன். அவருக்கு இடது கால் மடங்காது, எனக்கு வலது காது கேட்காது. எந்தச் சந்தி, எந்தப் பனங்காணி என்று பேசிக்கொண்டே போனதில், ஒரே ராத்திரி எதிரெதிரே கிடந்திருக்கிறோம் என்று தெரிந்தது. கட்டிப்பிடிக்கவில்லை ஐயா. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் சில மாதம் கழித்து அவரே போன் செய்து, "உங்கட கூட்டாளிக்கு என்ன பேர்?" என்று கேட்டார். இப்போது நண்பனின் நினைவு நாளில் முதலில் வரும் போன் அவருடையதுதான். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் 1987 அக்டோபரில் எங்கள் படை நோயாளிகளையும் டாக்டர்களையும் சுட்டுக் கொன்றதை அவர் மறக்கவில்லை. நானும் மறைத்துப் பேசுவதில்லை. இது நாடகம் என்றால், வசனம் யார் எழுதியது என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

சரி, மறுப்பு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கட்டுரையோடு போட்ட படம் யாழ்ப்பாணம் பக்கம் பலாலியில் உள்ள அமைதிப்படை நினைவிடம் அல்ல, நான் மேலே சொன்ன, கொழும்பை ஒட்டிய பத்தரமுல்லையில் இருப்பது. அடுத்த இதழில் அதையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்