காடுன்னு எழுதின நிலத்தை திருப்பிக் குடுங்க, யானைக்கு நாங்க வழி விடுறோம்

வனத்துறையில இந்த ஃபைலை வெச்சிருக்கிற அதிகாரி ஐயா அவங்களுக்கு, பெங்களூர் பக்கத்துல பன்னேர்கட்டா காட்டோரமா ராகி போடுற தமிழ்க் குடும்பத்துப் பையன் எழுதுறது, வணக்கம்.

செக்‌ஷன் 4 கதை உங்களுக்கே தெரியும். இந்த நிலத்தை காடாக்கப் போறோம்னு கர்நாடக வனச் சட்டத்துல நோட்டிஃபிகேஷன் போட்டீங்க, செக்‌ஷன் 17 வரைக்கும் போய் காடுன்னு முடிவா அறிவிக்கவும் இல்ல, வேணாம்னு விடவும் இல்ல, நடுவுல எங்க தாத்தா கல்லு பொறுக்கி திருத்தின நிலம் பஹணியில, அதான் சர்க்கார் நில ரெக்கார்டுல, காடுன்னு ஏறி உக்காந்திருக்கு. கேக்குறது ஒண்ணுதான். வனத்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அளக்குற ஜாயின்ட் சர்வேயை முடிங்க, உழுதவங்க நிலத்தை உழுறவங்களுக்கே திருப்பிக் குடுங்க.

போன அறுப்புல நடந்ததை மட்டும் சொல்றேன். கதிர் முத்தி நிக்கிறப்போ தளி பக்கத்துல இருந்து யானைக்கூட்டம் இறங்கிச்சு, தின்னதை விட மிதிச்சது ஜாஸ்தி, சித்தப்பா பரண் மேல நின்னு டார்ச் அடிச்சு கத்தினதுதான் மிச்சம். நஷ்ட ஈடு கேட்டா உங்க பேர்ல பஹணி எங்கன்னாங்க. சரி, மிஞ்சினதையாவது சர்க்கார் கொள்முதல்ல போடலாம்னு போனா அதுக்கு ஃப்ரூட்ஸ் ஐடிங்கிற விவசாயி பதிவு நம்பர் வேணுமாம், அந்த ஐடிக்கும் அதே பஹணி வேணுமாம். 2025-26க்கு ராகி குவிண்டால் 4,886 ரூபாய்னு ஆதரவு விலையை பேப்பர்ல படிச்சுட்டு, சித்தி மூட்டையை புரோக்கர் சொன்ன ரேட்டுக்குத் தள்ளிவிட்டாங்க. அது விவசாய நிலமே இல்ல, காடுதானாம். காட்டுல ராகி எப்படி மொளைச்சுதுன்னு யானையைத்தான் கேக்கணும்.

மேல் பக்கம் எங்களை வெளியேத்திட்டு அகழி வெட்டி பாதுகாத்தீங்களே, அந்த நிலத்தை ஒரு தடவை வந்து பாருங்க ஐயா. ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. யானையும் தின்னாது, மானும் தின்னாது, அடியில புல்லும் வராது, காட்டுப்பன்னி மட்டும் பகல்ல சுகமா படுத்துட்டு ராத்திரி எங்க கொள்ளுக்கு வருது. நாங்க உழுதப்போ ராகிக்கு நடுவுல அக்கடி சால்னு ஊடுபயிர் வரிசை போட்டு அவரை, சோளம், ஆமணக்கு இருக்கும், அறுத்த தாள்ல கவுதாரி குஞ்சோட மேயும். இதுல எது பாதுகாப்புன்னு நீங்களே சொல்லுங்க.

கோடு நகரவே நகராதுன்னு மட்டும் சொல்லாதீங்க. 2016 வரைவுல 268.96 சதுர கிலோமீட்டர் இருந்த பன்னேர்கட்டா எக்கோ சென்சிட்டிவ் ஸோன், அதான் பார்க்கைச் சுத்தி கட்டுப்பாடு போட்ட பகுதி, 2020ல 168.84 ஆச்சே, அப்போ யானைகிட்ட கேட்டுட்டா குறைச்சாங்க? 2022ல கர்நாடகா முழுக்க டீம்டு ஃபாரஸ்ட், அதான் நோட்டிஃபிகேஷன் இல்லாமலே காடா கணக்கு வெச்ச நிலம், அந்த லிஸ்ட்ல இருந்து 6 லட்சம் ஹெக்டேருக்கு மேல வெளிய விட்டாங்க. ராகிக்காரன் வந்து நின்னா மட்டும் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம், டெல்லி பர்மிஷன், சாயங்காலமா வா, நாளைக்கு வா. ஞாயித்துக்கிழமை கேமராவோட ஜீப்ல வர்றவங்களுக்கு டீ குடுத்து உக்கார வெக்கிறீங்க, எங்களுக்கு பெஞ்சு கூட இல்ல, சரி அதை விடுங்க.

சும்மா குடுங்கன்னு கேக்கல, கண்டிஷன் போடுங்க. நேர் கரண்ட் வேலி கிடையாது, பன்னிக்கு நாட்டு வெடி கிடையாது, நீலகிரி மரம், அதான் தைல மரம், வெக்க மாட்டோம், லேஅவுட்காரனுக்கு விக்க மாட்டோம், யானை நடக்குற தடத்துல பயிரே போடாம விடுறோம். மீறினா பிடுங்கிக்கோங்க, ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

கொஞ்சம் சூடா எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. தயவு பண்ணி ஆடி விதைப்புக்கு முன்னாடி ஜாயின்ட் சர்வே தேதியை எழுத்துல குடுங்க ஐயா. பொம்மசந்திரா ஃபேக்டரியில நான் முன்கூட்டியே லீவு சொல்லணும். அளந்த மேப்ல ஒரு காப்பி எங்களுக்கும் வேணும்.

இப்படிக்கு,
காட்டோரத்து ராகிக்காரன்