பூவைக் கேட்டில் நிறுத்தாதீர்கள்: எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் சார், செயற்குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

மூன்றாவது தெருக் கடைசி வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அன்று சத்தம் போட்டவர் என் வீட்டுக்காரர். அவர் வாய் தவறிச் சொன்ன இரண்டு வார்த்தைக்கு அன்று சாயங்காலமே குரூப்பில் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் எதற்காகச் சத்தம் போட்டார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். பூவைக் கேட்டில் நிறுத்தாதீர்கள். பூக் கொண்டுவருகிறவரை வீட்டு வாசல்வரை விடுங்கள்.

அன்று என் மாமனாருக்கு முதல் வருஷத் திதி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எங்களுக்கு வாடிக்கையான கடைக்கு முதல் நாளே போன் போட்டுச் சொல்லியிருந்தோம். சம்பங்கி மாலை, நடுவில் பன்னீர் ரோஜா, இடையிடையே மரிக்கொழுந்து. மாமாவுக்கு மரிக்கொழுந்து வாசம் என்றால் உயிர். கூடவே நாலு முழம் மல்லிகை, கொஞ்சம் உதிரிப்பூ, துளசி. முகூர்த்த நாள், விலை எகிறிக் கிடந்தது. திதிக்கு வாங்கும் பூவில் என்ன பேரம் என்று கேட்டதைக் கொடுத்தோம். கடைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. ஏழு மணிக்கே ஒரு பையனிடம் பைக்கில் கொடுத்தனுப்பினார். ஏழு இருபதுக்கு அவன் நம் கேட்டுக்கு வந்து நின்றுவிட்டான். நேரம் கேட் நோட்டிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே விடலாமா என்று என் செல்போனுக்குக் கேள்வி வந்ததாம். நான் வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் ஓடுகிறது, இரண்டு கையிலும் உளுந்து மாவு. என் வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு ஐயர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் போன் பீரோவுக்குள். மூன்று நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் பொருளை ரேக்கில் வைத்துவிட்டு ஆளை அனுப்பிவிட வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. வாட்ச்மேன் அண்ணன் அதன்படி செய்தார். அவர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பையனுக்கு அடுத்து ஒரு கல்யாண வீட்டுக்கு மாலை போயாக வேண்டும். அவனும் போய்விட்டான்.

அந்த ரேக் மோட்டார் ரூமை ஒட்டித் தகரக் கூரைக்குக் கீழே கிழக்குப் பார்த்து இருக்கிறது. காலை வெயில் நேராக அதன்மேல்தான் விழும்.

எட்டரைக்கும் பூ வரவில்லையே என்று கடைக்குப் போன் போட்டால், “எப்பவோ குடுத்தாச்சேக்கா” என்கிறார். நான் அடுப்பை விட்டு நகர முடியாது. என் வீட்டுக்காரர் பாதியில் எழுந்திருக்க முடியாது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை யாரிடமும் சொல்லாமல் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வயது 76. இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். எங்கள் வீட்டிலிருந்து கேட்டுக்கு 300 மீட்டர் இருக்கும்.

நான் பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்த்தபோது அத்தை வாட்ச்மேன் அண்ணனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாலித்தீன் பை மடியில் பிரிந்து கிடந்தது. யாரோ ஆர்டர் செய்திருந்த நாய்த் தீவன மூட்டையை அந்தப் பையின்மேல் ஏற்றி வைத்திருந்திருக்கிறார்கள். பையின் உள்பக்கம் முழுக்க வேர்த்து நின்றது. ரோஜா இதழ் பாதி உதிர்ந்து நார் தெரிந்தது. சம்பங்கி ஓரமெல்லாம் பழுப்பு ஏறியிருந்தது. மல்லிகை குழைந்த சோறு மாதிரி கையில் ஒட்டியது. அத்தை ஒன்றும் பேசவில்லை. தேறுகிற பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து தேறியிருக்கும். சடங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்த என் வீட்டுக்காரர் பார்த்தது இதைத்தான். அதன் பிறகு அவர் போட்ட சத்தம்தான் உங்கள் காதுக்கு வந்தது.

கடைசியில் மாமா படத்துக்கு ஏறியது எங்கள் வீட்டுச் செம்பருத்தியும் எதிர்வீட்டு நந்தியாவட்டையும். எதிர்வீட்டு அக்கா நன்றாக இருக்க வேண்டும்.

திருட்டுப் பயம் எனக்கும் உண்டு. போன மாசியில் இரண்டு வீட்டில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன பிறகுதான் இந்த விதியெல்லாம் வந்தது. சரி. ஆனால் பூக்காரர், கீரைக்காரர், காய்கறி வண்டிக்காரர் உள்ளே வரத் தடை என்று போர்டு எழுதி மாட்டினீர்களே, கேமராவில் தெரிந்த இரண்டு பேரில் யார் தலையிலாவது பூக்கூடை இருந்ததா? ஒன்பது வருஷமாகச் சாயங்காலம் நாலு மணிக்கு டிவிஎஸ் வண்டியில் வந்துகொண்டிருந்த பூக்கார அக்காவை ஒரே நாளில் வெளியே நிறுத்தினீர்கள். எந்த வீட்டில் எத்தனை முழம், எந்த வீட்டில் கனகாம்பரம் ஆகாது, எந்த வீட்டில் தீட்டு என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். அத்தை இப்போது பூ வைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் மாமா படத்துக்கென்று தினமும் ஒரு முழம் வாங்குவார். ஒரு முழத்துக்குக் கால் மணி நேரம் பேச்சு. அந்தப் பேச்சும் போயிற்று.

அவர் “பூவேய்” என்று கூப்பிடுவது அமைதியைக் கெடுக்கிறது என்று ஒருவர் புகார் கொடுத்தாராம். கேட்டிலும் ‘அமைதியான குடியிருப்புப் பகுதி’ என்று போர்டு இருக்கிறது. மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். நம் நகர் மட்டும் பகல் நாலு மணிக்கும் தூங்க ஆசைப்படுகிறது. ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா கொண்டுவரும் பையன் மட்டும் தெருத் தெருவாக ஹாரன் அடித்துக்கொண்டு வீட்டு வாசல்வரை போகிறான். சாப்பாடு ஆறிவிடும் என்று அவனுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆறுகிற சால்னாவுக்கு இருக்கிற இரக்கம் வாடுகிற பூவுக்கு இல்லை.

ஆப்பில் ஆர்டர் செய்துகொள்ளலாமே என்று செயலாளர் சார் குரூப்பில் போட்டிருந்தார். செய்து பார்த்தேன் சார். முழம் கிடையாது, கிராம் கணக்கு. 100 கிராம் மல்லிகை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மத்தியானம் வந்தது. ஐஸ் பெட்டியில் இருந்த மொட்டு. டப்பாவைத் திறந்து அரை மணி நேரத்தில் காம்பு கறுத்துவிட்டது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். தடித்த இதழ், சீக்கிரம் வாடாத குணம் என்றெல்லாம் அதற்குப் பெருமை சொல்கிறோம். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானத்தில் போகிறது. கடல் தாண்டுகிற பூ நம் கேட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

தெரியாதவர்கள் யாரும் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். மல்லிகையை வெயில் ஏறுவதற்குள் மொட்டாகப் பறித்துவிடுவார்கள். சாயங்காலம் அது தலையிலோ படத்திலோ இருந்துகொண்டு விரிய வேண்டும். அதற்கு நடுவில் இருக்கிற பத்து மணி நேரத்துக்குள்தான் பறிப்பு, மூட்டை, மார்க்கெட், கட்டுவது, விற்பது எல்லாம். பூக்கார அக்கா ஈரத் துணி போட்டு மூடி, வாழை இலையில் மடித்துக் கொடுப்பது சும்மா இல்லை. கூரியர் பெட்டி மூன்று நாள் அந்த ரேக்கில் கிடக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. பூவுக்குப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் போதும்.

நாம் குடியிருப்பது அழகர்கோவில் ரோட்டை ஒட்டி. சித்திரையில் அழகர் இதே ரோட்டில்தான் மதுரைக்கு இறங்குகிறார். அவர் ஆற்றில் இறங்குவதற்கு ஆண்டாள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தாண்டி, தல்லாகுளம் பெருமாள் கோவிலுக்கு வந்து சேர்கிறது. எங்கள் மாலை மாட்டுத்தாவணியிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட வர வேண்டியதில்லை. அதுவும் ஒழுங்காகத்தான் வந்தது. கடைசி 300 மீட்டர்தான் அதற்கு எட்டவில்லை. நல்லவேளை, ஆண்டாள் மாலை நம் கேட் வழியாகப் போவதில்லை. போயிருந்தால் அழகர் தன் செல்போனைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும்வரை அதுவும் நாய்த் தீவன மூட்டைக்கு அடியில் காத்திருந்திருக்கும்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பத்திரத்தோடு இருக்கும் மனை வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மனைப் பிரிவுக்கு அனுமதி வாங்கும்போதே நம் தெருக்களையெல்லாம் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்தாயிற்று. ரோடு ஊராட்சியுடையது. சந்தா கட்டுவது நாம்தான், ஆனால் ரோட்டுக்கு நாம் சொந்தக்காரர்கள் இல்லை. அதில் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று போர்டு வைக்க நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதை, செயற்குழுவில் இருக்கும் வக்கீல் சாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இதை வைத்து மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கேயும் மனுக் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. பூட்டியே கிடக்கிற பூங்கா, எட்டு மாதமாக எரியாத நான்காவது தெரு விளக்கு, இதற்கெல்லாம் எழுத உட்கார்ந்தால் தாள் போதாது. அதையெல்லாம் பொதுக்குழுவில் பேசிக்கொள்ளலாம்.

இப்போதைக்குப் பூ மட்டும். காலையில் ஆறிலிருந்து ஒன்பதுவரை, சாயங்காலம் நாலிலிருந்து ஆறுவரை, பூக் கொண்டுவருகிறவர்களை நிறுத்தாமல் விடுங்கள். பேரும் வண்டி நம்பரும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூக்கார அக்காவுக்கு அட்டை கொடுப்பதென்றால் கொடுங்கள், போட்டோ எடுத்துத் தர நானே ஏற்பாடு செய்கிறேன். போன் பதிலுக்காக மட்டும் பூவைக் காக்க வைக்காதீர்கள். திதியும் பிள்ளை பெற்ற வீடும் சாவு வீடும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

ஆயுத பூஜை வருகிறது. நம் 112 வீட்டுக்கும் அன்று ஒரே காலையில் மாலையும் உதிரிப்பூவும் வாழைக்கன்றும் வரும். அத்தனையையும் அந்த ரேக்கில் அடுக்க முடியுமா என்று நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தலைவர் ஐயா வீட்டுக் காருக்குப் போட வேண்டிய மாலையும் அங்கேதான் இறங்கும்.

வெள்ளிக்கிழமை செயற்குழுக் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமையிலிருந்து பழையபடி வரச் சொல்லிப் பூக்கார அக்காவிடம் பேசியிருக்கிறேன். நாலு மணிக்கு வருவார். தயவுசெய்து வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அத்தை மூன்றரைக்கே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இப்படிக்கு,
மூன்றாவது தெருக் கடைசி வீட்டு மருமகள்