‘ஓகே’ என்றால் என்ன அர்த்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு 76 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். சந்தை மலாய் பேசுவார்; எழுத்து தெரியாது. சில மாதங்களுக்கு முன் கிளினிக்கில் டாக்டர் அவருடைய இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். நான் காடி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்ததால் உள்ளே போகவில்லை. டாக்டர் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆனால் பொறுமையாகத்தான் சொன்னாராம். முடிவில் “ஓகே, ஆன்ட்டி?” என்று கேட்டிருக்கிறார். அம்மாவும் “ஓகே, ஓகே” என்றிருக்கிறார். அப்புறம் வழக்கம்போல முழு மாத்திரையையே சாப்பிட்டு வந்தார். இரண்டு வாரத்தில் குளியலறையில் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது.

“விளங்காமல் ஏன்மா ஓகே சொன்னீங்க?” என்று கேட்டேன். “அவரு கேட்டாரு, நான் சொன்னேன். டாக்டர்கிட்ட போய் என்னா எதிர்த்துப் பேசுறது?” என்றார்.

அந்த அறையில் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல் அது. டாக்டருக்கு அது ‘விளங்கியதா?’ அம்மாவுக்கு அது மரியாதை.

அன்றிலிருந்து இந்தச் சொல்லைக் கவனித்துக் கேட்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் சாம்பார் எப்படி என்றால் “ஓகே லா” என்கிறோம். சுமார் என்று பொருள். சௌகிட் சந்தையில் விலை படிந்தால் “ஓகே”. போனை வைக்கும்போதும் “ஓகே”. விழுந்தவரைத் தூக்கிவிட்டு “ஓகேயா?” என்றால் அடி பட்டதா என்ற விசாரிப்பு. மகனுக்குப் புத்தி சொன்னால் “ஓகே, ஓகே” என்று இரண்டு தரம் வருகிறதே, அதற்கு ‘போதும், நிறுத்துங்கள்’ என்று அர்த்தம். மலாய்க்காரர், சீனர், நாம் எல்லோரும் சொல்கிறோம். அதனால்தான் எல்லோருக்கும் விளங்கிவிட்டதாக நம்பிவிடுகிறோம்.

இந்தச் சொல் 1839 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில் அச்சேறியது. ‘எல்லாம் சரி’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அவற்றின் முதல் எழுத்துகளை மட்டும் சேர்த்த வேடிக்கை அது. மறு ஆண்டு அதிபர் வான் பியூரனின் தேர்தல் பிரசாரத்தில் அடிபட்டு நாடெங்கும் பரவியது. அவர் தோற்றார், சொல் நிலைத்துவிட்டது.

நம்மிடம் ‘விளங்கிச்சு’ என்று ஒரு சொல் இருக்கிறது. விளங்காதபோது அதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. ‘ஓகே’ மட்டும் தடையில்லாமல் வந்துவிடுகிறது.

டாக்டர்களிடமும் மருந்து கொடுக்கும் முகப்பில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வயதானவர்களிடம் “ஓகேயா?” என்று முடிக்காதீர்கள். “வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க?” என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்லவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பிள்ளைகளே, காடியை எங்காவது தூரத்தில் நிறுத்திவிட்டாவது கூடவே உள்ளே போங்கள்.

போன மாதம் நானும் உள்ளே போனேன். டாக்டர் “ஓகே?” என்றதும் அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். பிறகு அவரே மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, “செத்தெங்ஙா, மாலாம்” என்றார். பாதி, ராத்திரிக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்