திரையின் அங்குலத்தை அளந்து பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கும் போட்டிகளில் மின்னணுக் கருவிகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால், மீன் நிற்கும் இடத்தைத் திரை காட்டிவிடுகிறது, போட்டியாளர் தூண்டிலை வீசினால் போதும் என்ற முடிவுக்கு அந்தக் கட்டுரை வந்திருப்பது சரியல்ல. இதே நினைப்போடு விதி வகுத்தால் விதியும் குறி தப்பும். 2025 பருவத்தில் அதுதான் நடந்தது.

போட்டிக்குள் கருவி வந்தது நேற்றல்ல. இந்தப் போட்டிகளின் முன்னோடியான ரே ஸ்காட் 1967 ஜூனில் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் 106 பேரை வைத்து முதல் போட்டியை நடத்தியபோதே கார்ல் லோரன்ஸின் பச்சைப் பெட்டி சோனார் (ஒலியை அனுப்பி, எதிரொலியால் நீருக்குள் இருப்பதை அறியும் கருவி) சந்தையில் இருந்தது. அது படகுக்கு நேர் கீழே உள்ள ஆழத்தையும் மீனையும் மட்டும் காட்டும். 2005-ல் ஹம்மின்பேர்டின் சைடு இமேஜிங் வந்ததும், மூழ்கிய மரமும் பாறைத் திட்டும் இரு பக்கமும் படம் போலத் தெரிந்தன. ஓரடி இடைவெளியில் ஆழக்கோடு போட்ட வரைபடமும், ஜிபிஎஸ் துணையில் படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் டிரோலிங் மோட்டார் என்னும் சிறு மின்மோட்டாரும் சேர்ந்துகொண்டன. இவை யாவும் இடத்தைக் காட்டிய கருவிகள். அந்த இடத்தில் மீன் இப்போது நிற்கிறதா, தூண்டில் இரையைப் பார்த்ததா, பார்த்துவிட்டு விலகியதா என்பதை வீசித்தான் அறிய முடிந்தது.

2018-ல் கார்மின் கொண்டுவந்த லைவ்ஸ்கோப் அந்த நிலையை மாற்றியது. லோரன்ஸின் ஆக்டிவ் டார்கெட்டும் ஹம்மின்பேர்டின் மெகா லைவும் அதைத் தொடர்ந்தன. முன்நோக்கும் சோனார் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த வகைக் கருவியில் ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர், அணியத்தில் (படகின் முன்முனையில்) உள்ள டிரோலிங் மோட்டாரின் தண்டிலோ தனிக் கம்பத்திலோ பொருத்தப்படுகிறது. திருப்பிய திசையில் மீன் நகர்வதையும் இரை இறங்குவதையும் அந்த நொடியிலேயே பார்க்கலாம்.

இதில் எதெல்லாம் தவறும் என்பதைக் கட்டுரை தொடவில்லை. லைவ்ஸ்கோப்பின் எல்விஎஸ்34 டிரான்ஸ்டியூசரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒலிக்கற்றை மேல்கீழாக 135 பாகை விரிகிறது, பக்கவாட்டில் 20 பாகைதான். 60 அடி தூரத்தில் அந்த 20 பாகை ஏறத்தாழ 21 அடி அகலமாகிவிடும். அந்த 21 அடிக்குள் மீன் இடது ஓரத்தில் நின்றாலும் வலது ஓரத்தில் நின்றாலும் திரையில் ஒரே புள்ளிதான். தூரமும் ஆழமும் சரியாக இருந்தும் வீச்சு பத்தடி தள்ளி விழுவது இதனால்தான். தேர்ந்தவர்கள் மோட்டாரை மெல்ல இருபுறமும் திருப்பி, புள்ளி எங்கே மிகப் பிரகாசமாகிறது என்று பார்த்து, அதையே கற்றையின் நடுவாக எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு மீனைத் தாண்டி, அது போகும் திசைக்குச் சற்று முன்னால் வீசி, இரையை மீனின் தலைக்கு மேலேயே வைத்து இழுக்கிறார்கள். பாஸ் மேல்நோக்கிப் பார்த்து இரை தேடும் மீன். இரை அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அனேகமாக அந்த வீச்சு வீண்தான். இதையெல்லாம் கை செய்ய வேண்டும், திரை செய்யாது.

காற்று எழுந்து அணியம் தூக்கிப் போட்டால் கற்றையும் ஏறி இறங்கும், மீன் திரையில் வந்து வந்து மறையும். அடர்ந்த நீர்த்தாவரத்தை ஒலி ஊடுருவாது. ஃபுளோரிடாவின் ஒகிசோபி போன்ற ஆழமற்ற, புல் மண்டிய ஏரியில் இந்தக் கருவியின் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். பலன் எங்கே பெருகுகிறது என்றால், கரையிலிருந்து விலகிய திறந்த நீரில். ஷாட் என்னும் சிறு மீன்கூட்டத்தைத் துரத்திக்கொண்டு, 30 அடி ஆழ நீரில் 12 அடியில் மிதந்து திரியும் பாஸுக்குக் கட்டையும் இல்லை, பாறையும் இல்லை, முகவரியே இல்லை. பல ஆண்டுகள் பெரும்பாலான போட்டியாளர்கள் அதைத் தேடிப் போகாமல் விட்டதற்குக் காரணம் அதுதான். முன்நோக்கும் சோனார் அந்த மீனைப் பிடிபடும் மீனாக்கியது. இந்தத் தொழில்நுட்பம் போட்டியில் கொண்டுவந்த மாற்றம் என்று நான் எண்ணுவது இதை ஒன்றைத்தான். ஒதுங்க இடமிருந்த மீனுக்கு இப்போது அந்த இடம் இல்லை. ஏரியை ஆண்டுக்கணக்கில் படித்து வைத்திருந்தவரின் அனுபவமும் அந்த நீரில் பாதிதான் உதவுகிறது.

இப்போது விதிக்கு வருகிறேன். 2025 பருவத்துக்கு முன்னணித் தொழில்முறைப் போட்டியான பாஸ்மாஸ்டர் எலைட் தொடர் இரண்டு வரம்புகள் வைத்தது. நேரடி சோனார் டிரான்ஸ்டியூசர் ஒன்றுதான் இருக்கலாம், படகில் உள்ள திரைகளின் மொத்த அளவு 55 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பார்க்கக் கடுமையான விதி போலத் தோன்றும். ஆனால் மிதக்கும் மீனைப் பிடிக்க ஒரு டிரான்ஸ்டியூசரும் ஒரு 12 அங்குலத் திரையும் போதும். 55 அங்குலத்தில் அப்படி நான்கு திரை வைத்துவிடலாம். திரையைக் குறைத்ததால் திறந்த நீரில் ஒரு மீன்கூடத் தப்பப்போவதில்லை.

போட்டியாளர்களுக்கு இடையிலான வித்தியாசமும் திரையின் அளவில் இல்லை. கருவிக்கு மின்சாரம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில் இருக்கிறது. மூன்று பெரிய திரை, சோனாரின் ஒலியைப் படமாக்கும் கருப்புப் பெட்டி எல்லாம் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். எட்டு மணி நேரப் போட்டிக்கு 80 ஆம்பியர்-மணி வேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் நலுங்காமல் எடுக்கக்கூடியது பாதிதான், ஆக மதியத்துக்குள் அது தளர்ந்துவிடும். கம்பி இன்னும் மோசம். பின்பக்க பேட்டரியிலிருந்து அணியம் வரை போய்த் திரும்ப 45 அடி கம்பி என்றால், 16 கேஜ் செம்புக் கம்பியில் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்) 10 ஆம்பியருக்கு ஏறக்குறைய 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தாலும் கருவிக்குக் கிடைப்பது 10.6. அப்போது படம் புள்ளி புள்ளியாகும், வெளிப்பொறியை முடுக்கும் கணத்தில் திரை அணைந்து மறுபடி எழும். மென்பொருள் கோளாறு என்று பழி சுமத்துவார்கள். அதே தூரத்துக்கு 8 கேஜ் கம்பி போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். சோனாருக்குத் தனி லித்தியம் பேட்டரி, பேட்டரி முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ், டிரோலிங் மோட்டாரின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாத டிரான்ஸ்டியூசர் கேபிள், இந்த மூன்றும் இருந்தால், மின் குறுக்கீட்டால் திரையில் ஓடும் கோடுகளில் பெரும்பகுதி போய்விடும்.

திரைகளும் உணரிகளும் தகவல் பரிமாறிக்கொள்ளும் என்எம்இஏ 2000 கம்பித்தடத்தின் இரு முனையிலும் 120 ஓம் முடிப்பான் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அளந்தால் மீட்டர் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. திசை உணரியை ஒலிபெருக்கிக்கோ மோட்டாருக்கோ பக்கத்தில் வைத்தால் வரைபடத்தில் படகு ஒரு திசை காட்டும், தண்ணீரில் வேறு திசையில் நிற்கும். இவற்றை எந்த விதிப்புத்தகத்தாலும் சமன்படுத்த முடியாது, சமன்படுத்தவும் தேவையில்லை. உழைப்பவருக்குக் கிடைக்கும் நியாயமான பலன் அது.

கட்டுரை ஒரு வரிகூட ஒதுக்காதது மீனின் உடல்நிலைக்கு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. திறந்த நீரும் ஆழமும் போட்டிக்குள் வந்ததால், 25, 30 அடிக்குக் கீழிருந்து தூக்கப்படும் மீனும் கூடுகிறது. அழுத்தம் குறைந்ததும் அதன் காற்றுப்பை ஊதிவிடும். பிடித்த மீனை உயிரோடு வைக்கும் படகின் தொட்டியில் அது பக்கவாட்டில் சாய்ந்தோ வயிறு மேலாகவோ மிதக்கும். எடை போட்டு ஏரியில் விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மேற்பரப்பில் வெயிலில் கிடந்து சாகும். அந்தக் காற்றை வெளியேற்ற 18 கேஜ் ஊசி வேண்டும். முதுகில் முள் துடுப்புக்கும் மென் துடுப்புக்கும் நடுவே உள்ள பள்ளத்திலிருந்து மலத்துளைக்கு மனதில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில், உடலின் பக்கவாட்டில் ஓடும் பக்கவரிக்கு நான்கைந்து செதில் கீழே, மீனை நீருக்குள் பிடித்தபடியே ஊசியைச் செலுத்த வேண்டும். செதிலின் நடுவில் குத்தாமல் இரண்டு செதிலுக்கு இடையே நுழைக்க வேண்டும். குமிழி வரும். மீன் தானாக நிமிர்ந்ததும் எடுத்துவிட வேண்டும், காற்று முழுவதும் போனால் மீன் அடியில் விழுந்து கிடக்கும். பழகாத கை இதைச் செய்தால் உள்ளுறுப்பைக் கிழித்துவிடும்.

விதிக்குத் திரும்பினால், மேஜர் லீக் ஃபிஷிங் என்னும் இன்னொரு அமைப்பின் போட்டித் தொடரான பாஸ் புரோ டூர் 2025-ல் வேறு வழி எடுத்தது. ஒரு நாள் போட்டியின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் முன்நோக்கும் சோனாரை அனுமதித்தது, மற்ற இரண்டில் அனுமதிக்கவில்லை. சரியான திசை இதுதான். திறந்த நீரில் மீனுக்குக் கிடைக்கும் அடைக்கலம் அந்த இரண்டு பகுதிகளில் திரும்பக் கிடைத்தது. கரையோரத்தையும் மரத்தையும் படித்தறிந்தவருக்கும் இடம் இருந்தது, சோனாரில் கைதேர்ந்த இளைஞருக்கும் இடம் இருந்தது. 2024-ல் டெக்சாஸின் லேக் ஃபோர்க்கில் 19 வயது டிரே மெக்கின்னி எலைட் போட்டியை வென்றதைச் சுட்டிக்காட்டி அடியோடு தடை கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கையின் திறமை உண்மையானது.

உள்ளூர்ச் சங்கங்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. டிரான்ஸ்டியூசருக்கும் கருப்புப் பெட்டிக்கும் மட்டுமே பெரும் செலவாகும் கருவி இது. நுழைவுக் கட்டணம் கட்டவே யோசிக்கும் உறுப்பினர்கள் உள்ள இடத்தில் பருவத்தின் பாதிப் போட்டிகளை இது இல்லாமல் நடத்தலாம். அனுமதிக்கும் போட்டிகளில், ஊசி போடத் தெரிந்த ஒருவரை எடைமேடையில் கட்டாயம் நிறுத்த வேண்டும். ஆழமான ஏரியில் கோடையில் நடத்தினால், எடைக்காகச் சேர்த்து வைக்கும் ஐந்து மீனை நாள் முழுவதும் தொட்டியில் வைக்காமல், படகிலேயே நடுவர் முன் எடை போட்டு உடனே விட்டுவிட வேண்டும். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தையும் விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கள் வாசகர்
டெக்சாஸ்