பரீட்சை இல்லாவிட்டாலும் நோட்டுப் புத்தகம் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மலேசியாவில் தொடக்கப்பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதப்பட்டு வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டதிலிருந்து, பகாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பெற்றோர் பலரும் ஒரே குறையைச் சொல்லி வருகின்றனர். "பரீட்சையே இல்லையென்று ஆகிவிட்டது, பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பதே அது. அவர்களுடைய கவலை நியாயமானதுதான். ஆயினும் அந்தத் தேர்வு இருந்த காலத்திலும் அது ஆறாம் ஆண்டில்தான் வந்தது என்பதையும், ஐந்து ஆண்டுகளாகக் கவனிக்காமல் விட்ட குறையை ஆறு மாத டியூஷனில் சரிக்கட்ட நாம் பட்ட பாட்டையும் அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையின் படிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கான சான்று ஒவ்வொரு நாளும் பிற்பகலில் பள்ளிப் பைக்குள் வீடு வந்து சேர்கிறது. அதைத் திறந்து பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. எனக்கும் அண்மைக் காலம் வரை இருந்ததில்லை.

நான் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட அலுவலகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகனும் மருமகளும் ஜொகூரில் வேலை செய்வதால், நான்காம் ஆண்டில் படிக்கும் பேத்தியும் முதலாம் ஆண்டில் படிக்கும் பேரனும் எங்களிடம் வளர்கின்றனர். ஆசிரியர் பயிற்சி பெற்றவன் அல்லன். இங்கே எழுதுவனவெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கற்றுக்கொண்டவை.

பேத்தி மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, அவளுடைய நோட்டுப் புத்தகங்களில் "கவனக்குறைவு" என்று சிவப்பு மையில் அடிக்கடி எழுதப்பட்டு வந்தது. நானும் அதை நம்பி, கைப்பேசியைப் பிடுங்கி வைத்தேன், தொலைக்காட்சியை நிறுத்தினேன், பலமுறை கடிந்தும் பேசினேன். ஒரு நாள் மாலை, அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், இரண்டு நோட்டுகளை அருகருகே விரித்து வைத்துப் பார்த்தேன். பாடநூலைப் பார்த்து எழுதிய பக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கங்களில் மட்டும் "மரம்" என்பது "பரம்" என்றும், கணக்கில் 8 என்பது 3 என்றும், 6 என்பது 0 என்றும் மாறியிருந்தன. அவள் வந்ததும் சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைக் காட்டி, கூடத்தில் நின்றபடியே அன்றைய தேதியை வாசிக்கச் சொன்னேன். "புகையா இருக்கு தாத்தா, எல்லாருக்கும் அப்படித்தானே தெரியும்?" என்றாள். மறுநாள் கண்ணாடிக் கடையில் பரிசோதித்ததில் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. பல மாதங்களாக அந்தக் குழந்தை பக்கத்தில் அமர்ந்திருந்த தோழியின் நோட்டைப் பார்த்தே எழுதி வந்திருக்கிறாள். கண்ணாடி அணிந்து அவள் பள்ளிக்குப் போன முதல் நாள் முழுவதும், அவளை நான் ஏசிய வார்த்தைகள்தான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவினர் பிள்ளைகளின் கண்களைச் சோதிப்பது உண்மையே. ஆனால் கிட்டப்பார்வை தொடக்கப்பள்ளி வயதில் எந்த ஆண்டிலும் தொடங்கக் கூடும் என்பதால், முதலாம் ஆண்டில் நன்றாக இருந்த பார்வை மூன்றாம் ஆண்டிலும் அப்படியே இருக்கும் என்று இருந்துவிடக் கூடாது. ஆகவே, பிழைகளை எண்ணுவதற்கு முன் அவை எந்தப் பக்கத்தில் விழுகின்றன என்று பாருங்கள் என்பதே பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது. கரும்பலகையிலிருந்து எழுதியதில் மட்டும் பிழை இருந்தால் கண்ணைச் சந்தேகியுங்கள். "வாழைப்பழம்" என்பதை "வாளப்பளம்" என்று எழுதியிருந்தால், வீட்டில் நாம் பேசுவதைத்தான் பிள்ளை எழுதுகிறது என்று பொருள்; அதற்கு அடித்துப் பயனில்லை, அச்சொல்லை நாமே திருத்தமாகச் சொல்லிக் காட்டினால் போதும். கணக்கில் பிழை வந்தால், அந்தக் கேள்வியை நீங்கள் வாய்விட்டு வாசித்து, மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். இப்போது சரியாகச் செய்துவிட்டால் பிள்ளைக்குக் கணக்கு தெரியும், கேள்வியை வாசிக்கத்தான் தெரியவில்லை. அப்பிள்ளையைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பினால் குறை அப்படியே இருக்கும், காசு மட்டும் கரையும்.

வாசிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஏழு வயதில் சுமக்கும் சுமையை நாம் சரியாக உணர்ந்திருக்கிறோமா என்பது ஐயமே. தமிழில் 247 எழுத்துகள் ஒரு புறம் இருக்க, மறுபுறம் மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே எழுத்து வரிசை இரண்டு விதமாக ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து "க" என ஒலிக்க, அதே எழுத்து மலாய்மொழியில் கோப்பையைக் குறிக்கும் சொல்லில் "ச" என ஒலிக்கிறது. காலையில் ஒரு வகுப்பில் சரியென்று சொல்லப்பட்ட ஒலி அடுத்த வகுப்பில் தவறாகிவிடும்போது, கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, ஆசிரியர் வாசிப்பதைக் காதால் வாங்கி மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

இதைக் கண்டுபிடித்தவர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய என் மனைவிதான். பேரன் தன் மலாய்ப் புத்தகத்தை மடமடவென்று வாசித்துக் காட்டியபோது நான் மகிழ்ந்து பாராட்டினேன். அவரோ படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வரியின் நடுவிலிருந்த ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னய்யா?" என்று கேட்டார். பையன் திகைத்து நின்றுவிட்டு, பிறகு முதல் சொல்லிலிருந்து மெல்ல ஒப்பித்துக்கொண்டே வந்து அந்த இடத்தை அடைந்தான். மலாய்மொழியை வாசிக்கத் தெரியாத ஒருவர் பிள்ளையின் வாசிப்பைச் சோதிக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். "எங்களுக்கே படிப்பு வராது, நாங்கள் எங்கே சொல்லிக் கொடுப்பது?" என்று ஒதுங்கும் தோட்டத்துத் தாய்மார்கள் இதைத் தயவுசெய்து செய்து பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். பிள்ளையை அருகில் உட்காரவைத்து, விரலால் தொட்டு வாசிக்கச் சொல்லி, எங்கே தடுக்குகிறது என்று கேட்டுக்கொண்டிருங்கள். தடுக்கிய சொற்களை ஒரு தாளில் அவனையே எழுதவைத்து மறுநாள் காலையில் ஆசிரியரிடம் கொடுத்தனுப்பலாம். புத்தகத்தில் சலிப்புத் தட்டினால் அடுப்படியில் இருக்கும் மைலோ டின்னும் பால் டின்னும் பிஸ்கட் பொட்டலமும் உதவும். சீனிக்கும் பாலுக்கும் உரிய மலாய்ச் சொற்களை எங்கள் பேரன் அவற்றிலிருந்துதான் எழுத்துக் கூட்டினான்.

தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டுமென மருத்துவர்கள் சொல்கின்றனர். தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளி வேனைப் பிடிக்கக் காலை ஐந்தரைக்கு எழ வேண்டியிருப்பதால், முந்தைய இரவு எட்டரைக்கே படுத்திருக்க வேண்டும். தொடர் நாடகம் முடிந்த பிறகு படுக்கும் பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கி வழிவதற்கு ஆசிரியர் பொறுப்பல்லர்.

வகுப்புப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில், பிள்ளைகள் செய்ய வேண்டிய ஒட்டுவேலையையும் கட்டுரையையும் பெற்றோரே செய்து படம் பிடித்து அனுப்புவதைக் காண்கிறேன். அன்பினால்தான் செய்கின்றனர். ஆனால் தாய் எழுதிய கட்டுரைக்கு ஆசிரியர் போடும் அடைவுநிலை பிள்ளையின் பெயரில் பதிவாகிறது. உதவி தேவைப்படும் பிள்ளை ஆசிரியரின் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இந்த அடைவுநிலை என்பதைப் பற்றியும் பெற்றோர் பலருக்குத் தெளிவில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை நிலைகள் உள்ளன; அவற்றுள் 3 என்பது ஒரு பிள்ளை எட்ட வேண்டிய குறைந்தபட்ச நிலை. மலாய்மொழியில் அந்த நிலையை எட்டாமல் ஆறாம் ஆண்டை முடிக்கும் தமிழ்ப்பள்ளி மாணவர், இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1க்குச் செல்லுமுன் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர வேண்டியிருக்கும். ஆகவே இரண்டாம் ஆண்டு அறிக்கையில் 2 என்று கண்டால், "சின்ன பிள்ளைதானே" என்று மடித்து வைத்துவிடாதீர்கள். ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோய், "எந்த எழுத்து வரவில்லை, எந்த வகைக் கணக்கு வரவில்லை, வீட்டில் நான் எதைச் செய்ய வைக்கட்டும்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்ட எவருக்கும் எந்த ஆசிரியரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. காலை ஆறு மணிக்கு முன்பே பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், வெயில் ஏறும் வரை குலை வெட்டும் தகப்பனுக்கும், உதிரிப் பழம் பொறுக்கும் தாய்க்கும், காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை நடக்கும் பெற்றோர் சந்திப்பு என்பது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். பலர் வராமல் போவதற்கு அக்கறையின்மை காரணமல்ல. சந்திப்பை மாலை 4 மணிக்கு மேல் வைத்து, தோட்டத்திலிருந்து பள்ளி வேனையே ஒரு நடை ஓட்டச் சொன்னால், வேலைக் களைப்போடாவது அவர்கள் வந்து சேர்வார்கள். எங்கள் வட்டாரப் பள்ளிகள் வரும் தவணையிலேயே இதைச் செய்து பார்க்க முன்வர வேண்டும். வேனுக்கு ஆகும் எண்ணெய்ச் செலவைப் பகிர்ந்துகொள்ள என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பகாவ், நெகிரி செம்பிலான்.