தம்பியின் சாய்ஸ் லிஸ்ட்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி உனக்கே தெரிந்திருக்கும், அவளிடம்தான் தினமும் அரை மணி நேரம் பேசுகிறாயே. தம்பிக்குப் பொறியியல் கவுன்சலிங் வருகிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கணக்கு 91, இயற்பியல் 94, வேதியியல் 92. கட்-ஆஃப் 184. மேற்குத் தெருப் பையனுக்கும் 184தான். அவன் கணக்கு 95, இயற்பியல் 90, வேதியியல் 88. மூன்றையும் கூட்டினால் நம்மவனுக்கு 277, அவனுக்கு 273. இருந்தும் ரேங்க்கில் அவன்தான் முன்னால். கணக்கு முழு நூறுக்கு, மற்ற இரண்டும் பாதியாகி ஐம்பது ஐம்பது. சமமாக வந்தால் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்க்கிறார்கள். உன்னைப் போல 97 எடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. இதை அவனிடம் சொல்லிவிடாதே, ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

7.5 சதவீத ஒதுக்கீடு இவனுக்கு இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் இவனை யார் பேச்சைக் கேட்டு எங்கே சேர்த்தேன் என்று உனக்குத் தெரியும். முதல் பட்டதாரிச் சலுகை நீ வாங்கியதோடு சரி, வீட்டில் ஒருவருக்குத்தான். குறையாகச் சொல்லவில்லை கண்ணு.

இவன் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்தான் வேண்டும் என்கிறான். புரோகிராமிங் எல்லாப் பிரிவுக்கும்தான் இருக்கிறது, பெயருக்காக ஓடாதே என்றேன். புதிதாகத் தொடங்கிய பிரிவு என்றால் இரண்டு பேட்ச்சாவது படித்து வெளியே போயிருக்க வேண்டும், அதற்குமுன் அந்தப் பிரிவின் தரத்துக்குத் தருகிற என்பிஏ அங்கீகாரம் கிடைக்காது. கல்லூரிக்கு இருக்கிறதா என்று கேட்டால் போதாது, அந்தப் பிரிவுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவான இசிஇ கிடைத்தால் அதை மேலே வைக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் நீ அந்த வேலையிலேயே இருக்கிறாய். நீ சொன்னால் கேட்பான்.

வரிசைதான் முக்கியம். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று விருப்ப வரிசையில் மூன்று நாளில் சாய்ஸ் போட்டு முடிக்க வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்றாலும் பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டு, ஒன்றுமே வரவில்லை என்று வந்து நிற்கிற பிள்ளைகளை வருஷா வருஷம் ஆன்லைனில் பதிந்து கொடுக்கிற நம் கடையில் பார்க்கிறேன். ஒரே மாதிரிப் பெயரில் நாலு கல்லூரி இருக்கும், பெயரை விட்டுவிட்டுக் கோடு எண்ணைப் பார்த்துப் போடச் சொல். பிரிவின் பக்கத்தில் எஸ்எஸ் என்றிருந்தால் அது சுயநிதி, கட்டணம் வேறு.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்', அதாவது இதை ஏற்கிறேன், பட்டியலில் மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன் என்று கொடுத்தால் கையில் இருப்பதும் இருக்கும், மேலே காலியானால் அதுவும் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மேலே கிடைத்தால் கையில் இருந்தது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் போக மனமில்லாத இடத்தைப் பட்டியலின் மேலே வைக்கவே கூடாது. வரிசை, வரிசை என்று சொன்னதையே சொல்கிறேன் என்று நினைப்பாய்.

கட்டிடக்கலைப் படிப்பான பி.ஆர்க் இந்த விண்ணப்பத்தில் வராது. அது 5 வருடம், அதற்குத் தனிப் பதிவு. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை 200க்கு மாற்றி, அதற்கான நுழைவுத் தேர்வான நாட்டாவின் மார்க் 200ஐயும் சேர்த்து 400க்கு ரேங்க் போடுவார்கள். பி.இ.க்குப் பதிந்தாயிற்று, அதுவே போதும் என்று இருந்துவிட்டால் பி.ஆர்க் கிடையாது. தம்பிக்கு இது எதுவும் தேவையில்லை. அவன் நாட்டா எழுதவும் இல்லை.

நீ எழுதினாய். மார்க் வந்த அன்று நீ கடையிலேயே கத்திக் குதித்தது இன்னும் காதில் இருக்கிறது. பி.ஆர்க் பதிவுக்குக் கடைசி நாள் முடிந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். முடியவில்லை, இன்னும் நாலு நாள் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தேதி பார்த்துப் பதிந்து கொடுக்கிறவன், உனக்கு மட்டும் பதியவில்லை. ஐந்து வருடம் என்று பயந்தேன், பெரியப்பா சொன்னார் என்று பயந்தேன். உன் ஐடி வரிசையையும் நானே போட்டேன். நீ பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தத் தேதி உனக்கு எப்போது தெரிய வந்தது என்று தெரியவில்லை. போன பொங்கலுக்கு வந்தபோதே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் தம்பியோடு பேசி வரிசையைப் பார். டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டேன். பதிவையும் சாய்ஸையும் அவனே போனில் செய்துகொள்கிறான். பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும், நான் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா